ஓய்வு நாள் பக்கம்: பிள்ளையின் முதல் கடல் மீன்

செலவு மிகாமல் குடும்பத்தோடு ஓய்வு நாளைக் கழிக்கும் வழிகளை இப்பக்கத்தில் மாதந்தோறும் கூறி வருகிறோம். மலைகளையும் கோட்டைகளையும் பற்றி எழுதினீர்களே, நம்மைச் சூழ்ந்து கிடக்கும் கடலை மறந்தது ஏன் என்று அன்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். கேள்வி நியாயமானதே. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கடலைக் காணாதவர் எவரும் இலர். ஆனால் நம் பிள்ளைகளிற் பலருக்குக் கடல் என்பது மாலையில் காற்று வாங்கவும், சோளக்கதிர் தின்னவும் ஏற்பட்ட ஓரிடம், அவ்வளவே. அக்கடலில் உயிர்கள் வாழ்கின்றன என்பதும், அவற்றுக்கு நம் மொழியில் பெயர்கள் உண்டு என்பதும் அவர்கள் அறியாத செய்திகள்.

மீன் உண்ணும் வீடுகளிலும் நிலை இதுவே. வாவல் நம் குழந்தைகளுக்குப் பாப்லெட், வஞ்சிரம் சுரமாய், வங்கரவாசி பொம்பில். அண்டை மக்களின் மொழியில் பெயரறிவது நன்றே. அதை நாம் குறை கூறவில்லை. எனினும், தூத்துக்குடியிலிருந்தும் நாகையிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் வந்த குடும்பங்களில், பாட்டன் அறிந்திருந்த ஐம்பது மீன்பெயர்களில் பேரனிடம் ஐந்தேனும் எஞ்சவில்லை என்றால், அது வருந்தத்தக்கது. பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விப்பதால் இக்குறை தீராது. மீன் கையில் துள்ளும்போது கேட்ட பெயர்தான் மறவாது நிற்கும். ஆகவே இம்மாதம், கரையில் நின்று ஒரு பிள்ளை தன் முதல் கடல் மீனைப் பிடிக்கத் துணைபுரிவது எப்படி என்பதை எழுதுகிறோம்.

புலால் மறுத்த இல்லத்தார் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டுவதில்லை. ஏற்றவற்றத்தையும் கரையின் ஒழுங்குகளையும் பற்றி இங்குக் கூறுபவை கடற்கரைக்குச் செல்லும் அனைவர்க்கும் பயன்படும்.

காலமும் நேரமும்

முதலில் பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பிள்ளைகளைத் தூண்டிலோடு மேற்குக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாகாது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். விசைப்படகுகளுக்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை விதிக்கப்படுகிறது. சிராவண மாதப் பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து, நாரளி பூர்ணிமா கொண்டாடிய பின்னரே புதுப் பருவத்தைத் தொடங்குவது மரபு. நம்மில் சிலர் வீடுகளில் ஆவணி அவிட்டம் நிகழ்வதும் பெரும்பாலும் அந்நாளிலேயே. நமக்கோ அவசரமில்லை. அக்டோபர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை கடல் அடங்கியிருக்கும். காலை வெயிலும் தாங்கத்தக்கது. அக்காலமே பிள்ளைகளுக்கு ஏற்றது.

அடுத்து நேரம். ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதனை விளக்குவது எளிது. கடல் ஏற்றம் என்பது நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும் ஒரு வண்டி. ஒரு நிறைவுக்கும் அடுத்த நிறைவுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்லும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி நீர் நிறையும். அதன்பின் திதி ஒன்றுக்கு முக்கால் மணிக்குச் சற்று மிகுதியாகக் கூட்டிக்கொண்டே வந்தால், தசமியன்று காலை எட்டு மணி அளவில் நிறைவு என்று கணக்கு வரும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும். எனினும் இது குத்துமதிப்பான கணக்கு. ஒரு மணி முன்பின்னாகலாம். புறப்படுமுன் இந்திய நில அளவைத் துறையின் ஏற்றவற்ற அட்டவணையையோ, நாளிதழில் வரும் நேரத்தையோ பார்த்துக்கொள்க. 1878 முதல் மும்பையில் கடல்மட்டம் அளந்து பதியப்பட்டு வருகிறது. அத்தகைய நீண்ட பதிவுகளின் பயன் நமக்குக் காசின்றிக் கிடைக்கிறது.

நீர் ஏறும்போது மீன்களும் உடன் ஏறிக் கரையோரத்தில் இரை தேடும். எனவே நிறைவுக்கு இரண்டு மணி முன்னர்த் தொடங்கி, நிறைவுக்குப் பின் ஒரு மணி வரை தூண்டிலிடுவது முறை. அமாவாசை, பௌர்ணமிகளை அடுத்த நாட்களில் மும்பையில் ஏற்றம் மிகப் பெரிது. சில நாட்களில் 4.5 மீட்டரையும் தாண்டும். அந்நாட்களில் மீன் மிகுதி என்று பெரியவர்கள் போகட்டும். பிள்ளைக்கோ அட்டமி முதல் தசமி வரையிலான நாட்களே உகந்தவை. அப்போது ஏற்றவற்றம் சிறிது; நீரின் இழுப்பும் மெல்லியது.

இடம்

பாறைகளும், மரீன் டிரைவில் குவித்துள்ள நான்குகாற் கற்களும் பிள்ளைகளுக்கு ஆகா. பாசி படிந்த கல்லில் வழுக்கினால் தூக்குவார் இல்லை. சரிவு குறைந்த மணற்கரையே வேண்டும். மலாட் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் மார்வே சென்று, படகில் கழியைக் கடந்தால் மனோரி. அங்குள்ள திறந்த மணற்கரை இதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று. கழியின் வாயில் நீரோட்டம் வேகமானது. அங்கே நிற்றல் கூடாது. மேலும் கழிகளில் கோலி மக்கள் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக டோல் என்னும் பைவலைகளைக் கட்டியிருப்பார்கள். அவற்றின் அருகே தூண்டில் எறிவது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும்.

கரையில் வலை பழுதுபார்க்கும் பெரியவர் எவரேனும் இருப்பின், வணக்கம் கூறி, இங்கே பிள்ளை தூண்டில் போடலாமா என்று கேளுங்கள். நாமறிந்த வரையில் மறுத்தவர் இலர். எங்கே மணல், எங்கே கல், எங்கே பள்ளம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏற்றத்துக்குப் பர்தி என்றும் வற்றத்துக்கு ஓஹோட்டி என்றும் அவர்கள் கூறுவதைப் பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும். அக்கரை அவர்களுடையது. நாம் விருந்தினர்.

கருவி

விலையுயர்ந்த கோலும் சக்கரமும் வேண்டுவதில்லை. ஒரு கைத்தூண்டில் போதும். 0.40 மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பு 30 மீட்டர் வாங்கி, காலியான நீர்ப்புட்டி ஒன்றில் சுற்றிக்கொள்க. இதினும் மெல்லிய நரம்பு பிள்ளையின் விரலை அறுக்கும். நுனியில் 20 அல்லது 30 கிராம் ஈயக்குண்டு. அதற்கு ஒரு சாண் மேலே சிறு கிளையாகக் கட்டிய 8ஆம் எண் முள் ஒன்று. முள்ளின் எண் ஏற ஏற அளவு குறையும் என்பதைக் கடையில் நினைவிற் கொள்க. முள்ளின் கொளுவியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கி விடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பலாம்; ஆனால் விரலில் தைத்தால் எளிதில் கழலும், விடுவிக்கும் மீனுக்கும் காயம் குறையும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நரம்பு சூட்டால் வலுவிழக்கும்.

இரைக்கு இறால் சிறந்தது. ஓட்டை நீக்கி, பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கி, சிறிது உப்பிட்டு வைத்தால் முள்ளிலிருந்து எளிதில் கழன்று விழாது. பெரிய துண்டு பெரிய மீனைக் கொணரும் என்று எண்ணிப் பிள்ளைகள் வாரி வைப்பார்கள். சிறு வாய் மீன்கள் அதனைச் சுற்றிக் கொறித்துவிட்டுப் போய்விடும்.

காவல்

இப்பகுதியைத் தாயும் தந்தையும் இருவரும் படித்தல் வேண்டும்.

அலைக்கு முதுகு காட்டலாகாது. பிள்ளை கணுக்கால் நீருக்கு மேல் இறங்கக்கூடாது. நரம்பைக் கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. எறியுமுன் பின்னால் எவரும் இல்லை என்று பார்க்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையெனில் பெரியவரே எறிந்து கொடுப்பது நன்று. முள் அடியில் சிக்கினால் நீரில் இறங்கி எடுக்க முயலாமல் அறுத்துவிடுக. ஒரு முள்ளின் விலை என்ன பெரிது? ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை. இரு பிள்ளைகளெனில் இரு பெரியவர். பெரியவர் தமக்கெனத் தனித் தூண்டில் கொண்டுவரலாகாது. கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

கெளுத்தி அகப்பட்டால் பிள்ளை அதனைத் தொடக்கூடாது. முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று நச்சு முட்கள் அதற்கு உண்டு. துணியால் பற்றிக் குறடால் முள்ளைக் கழற்றுக. ஊதிப் பந்துபோலாகும் பேத்தை மீனை வேடிக்கை பார்த்து விட்டுவிட வேண்டியதே. அதன் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. ஆழமற்ற மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். 2013ஆம் ஆண்டில் பிள்ளையார் கரைப்பின்போது கிர்காவ் சௌபாத்தியில் பலரை அது கொட்டியதை மும்பைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். நீரில் கால் வைக்கையில் தூக்கி மிதியாமல் மணலைத் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும். கெளுத்தியோ திருக்கையோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் அவ்விடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். ஒரு குடுவையில் வெந்நீர் கொண்டு செல்வது இதற்கும் காப்பிக்கும் உதவும். குத்துப்பட்டவரை மருத்துவரிடம் காட்டுவதையும் தவிர்க்கலாகாது.

கொத்தும் இழுப்பும்

இனி முக்கியமான கட்டம். குண்டு அடியில் தங்கியதும் நரம்பைத் தளர்வின்றிப் பிடித்து, ஆட்காட்டி விரலின்மேல் ஓடவிட வேண்டும். அலை ஆட்டுவது ஒருவகை அசைவு. அது நெடியது, மெதுவானது. மீன் கொத்துவது வேறு. டக் டக் என்று விரலில் தட்டும். இவ்விரண்டின் வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க இயலாது. பிள்ளையின் விரலே அதைக் கற்க வேண்டும். முதல் தட்டில் இழுத்தால் இரை மட்டுமே வரும். நரம்பு கனத்து நகரும்போது, மணிக்கட்டளவில் ஒருமுறை சுண்டி, பின்னர் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். கை தடுமாறும் பிள்ளையை, நரம்பைப் பிடித்தபடியே கரையை நோக்கிப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். மீன் ஈரமணலில் சறுக்கி வந்துவிடும்.

இவ்விடத்தில்தான் பெரியவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். மீன் தப்பிவிடுமே என்னும் பதற்றத்தில் பிள்ளையின் கையிலிருந்து நரம்பைப் பறித்து இழுக்கிறார்கள். மீன் வருகிறது, ஆனால் அது பிள்ளையின் மீன் அன்று. தப்பிப்போன மீன் பிள்ளையினுடையது. பறித்துப் பிடித்த மீன் அப்பாவினுடையது. பெரியவரின் கை இருக்க வேண்டிய இடம் பிள்ளையின் இடுப்புக்குப் பின்னால். அங்கிருந்து அது நகரலாகாது.

நம் அண்டை வீட்டு நண்பர் தூத்துக்குடிப் பக்கத்தவர். இரவும் பகலும் மாறி மாறி வரும் பணி. மகளுக்கு ஒன்பது வயது. அவர் வீடு திரும்பும்போது அவள் உறங்குவாள். அவள் பள்ளியிலிருந்து வரும்போது அவர் உறங்குவார். சென்ற குளிர்காலத்தில் ஓய்வு நாளொன்றில் அவர்களோடு நாமும் மனோரிக்குச் சென்றிருந்தோம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது முறை இரை போயிற்று. ஒரு மீன் கரைவரை வந்து கழன்றது. சிறுமியின் கண் கலங்கிவிட்டது. நண்பரின் கை இருமுறை நரம்பை நோக்கி நீண்டு, இருமுறையும் திரும்பியது. அவர் சொன்னதெல்லாம், "இன்னொரு துண்டு இறால் இருக்கு, போடும்மா" என்பதே.

நீர் நிறையும் தறுவாயில் நரம்பு கனத்தது. அவள் பின்னால் நடந்தாள். நடந்து நடந்து ஒரு வலைக்குவியலில் இடித்துக்கொண்டு அமர்ந்தேவிட்டாள். மணலில் ஒரு சாணளவு வெள்ளி மீன் துள்ளியது. உடலில் வில்போல் வளைந்த கருங்கோடுகள். நண்பர் கையை நனைத்துக்கொண்டு, செவுள்மூடியின் கூர்முள் படாமல் அதைப் பற்றினார். அப்போது அம்மீன் உறுமுவதுபோல் ஒலியெழுப்பியது.

"அப்பா, மீன் கத்துது!" என்றாள்.

"ஆமா. இதுக்குக் கீச்சான்னு பேரு."

அதனால்தான் அந்தப் பெயரா என்று அவள் கேட்டாள். நண்பர் விடை கூறவில்லை; ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஆச்சிகிட்டயே கேளு" என்று கொடுத்தார். ஆச்சிக்கும் பேத்திக்கும் பண்டிகை நாட்களில் நலம் விசாரிப்பதற்கு மேல் பேச்சு நீண்டதில்லை என்று அவர் முன்னரே நம்மிடம் கூறியிருந்தார். அன்று அரைமணி நேரம் பேசினார்கள். கோடு எத்தனை, வாய் எப்படி, வால் எப்படி என்று ஆச்சி கேட்க, இவள் குனிந்து பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கோடு என்பதற்கும் செவுள் என்பதற்கும் இவளுக்குத் தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. ஆச்சி கொடுத்தாள்.

வைப்பதா, விடுவதா?

பிடித்த மீனை என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். கரையில் மீன் திணறும்போது விவாதம் கூடாது. நகரத்துக் கழிவுநீர் கலக்கும் இடங்களில், மாகிமில் மித்தி ஆறு கடலோடு சேருமிடம் போன்றவற்றில், பிடித்த மீனை உண்ணவே கூடாது. தூய நீரில் பிடித்ததாயினும் சிறு குஞ்சுகளை விட்டுவிடுக. 2023ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது, இனம் பெருகுவதற்கு முன்பே அவற்றைப் பிடித்தழிப்பதைத் தடுக்கவே.

விடுவதெனில், கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பை நீக்கிவிடும். நீரில் தலை முன்னோக்கப் பிடித்து, அது தானே உதறிச் செல்லும்வரை பொறுக்க வேண்டும். வைப்பதெனில், துடிக்க விடாமல் தலையில் ஓரடியில் முடித்து, பனிக்கட்டியில் இடுவதே அறம். இதனைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டுவதில்லை. நாம் உண்பது ஓர் உயிர் என்பதைப் பிள்ளை அறிவது நல்லதே. அறிந்தபின் அவள் உண்டாலும் சரி, உண்ண மாட்டேன் என்றாலும் சரி, அம்முடிவை மதியுங்கள். நண்பரின் மகள் கீச்சானை நீரில் விட்டாள். அன்றிரவே வீட்டில் வறுத்த வாவலையும் உண்டாள். இதில் முரண் கண்டு அவளைக் கேலி செய்த உறவினரை நண்பர் கடிந்துகொண்டார். நாமும் அவர் பக்கமே.

அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். அது மக்காது, பறவைகளின் காலைச் சுற்றி மாய்த்துவிடும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மும்பைக் கரைகளில் அகப்படும் சில மீன்களின் பெயர்களை இங்கே தருகிறோம். முதலில் தமிழ், பின்னர் இவ்விடத்து வழக்கு: மடவை, போய், கெளுத்தி, சிங்காளா, கத்தலை, டோமா, கிழங்கான், முடதுஷி, வாளை, வாக்டி. தமிழிலேயே ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். சென்னையார் வஞ்சிரம் என்பதைத் தென்மாவட்டத்தார் சீலா என்பர். ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியோரை, சிறப்பாகப் பாட்டிமாரை, பிள்ளைகளைக் கொண்டே கேட்கச் செய்து, உங்கள் ஊரில் வழங்கும் மீன்பெயர்களை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளையின் கையெழுத்தில், தமிழில் எழுதி வருபவற்றை இப்பக்கத்தில் வெளியிட ஆவன செய்வோம். பிழைகள் இருந்தாலும் பாதகமில்லை.

இவ்வாண்டுக் குளிர்காலத்துக்கு முன் நரம்பும் முள்ளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளும் தசமியும் ஒன்றி வரும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்நாளில் கூடுதல் பணி கேட்டால் இயலாதென்று இப்போதே சொல்லிவையுங்கள்.